மேளகாரரின் வயல்: உடுநுவரைக் கதைகளும் மலையகக் காணியும்



ஓர் ஊரின் கதையையும் வரலாற்றையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டிருந்தார்கள். கண்டியைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கதைக்குப் பஞ்சமில்லை. செங்கடகல என்ற பழைய பெயருக்குக் காரணம் சொல்ல மட்டும் ஓர் அந்தணர், ஓர் அரசி, ஒரு கல் என்று மூன்று கதைகள் உண்டு. அவற்றையெல்லாம் வரிசையாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் எனக்கு நெடுநாளாக ஒரு கேள்வி இருக்கிறது. சில கதைகள் அறுநூறு ஆண்டுகள் நிலைக்கின்றன. சில கதைகள் பாட்டியோடு போய்விடுகின்றன. ஏன்? கதையின் அழகா காரணம்? நான் அப்படி நினைக்கவில்லை. இன்று சொல்லப்போவது அந்தக் காரணத்தைப் பற்றித்தான்.

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனையைத் தாண்டிப் பிலிமத்தலாவையில் தவுலகலப் பக்கம் திரும்பினால் உடுநுவர வந்துவிடும். அங்கே ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் மூன்று கோயில்கள். கடலாதெனிய விகாரை, லங்காதிலக விகாரை, எம்பெக்க தேவாலயம். பாடசாலைச் சுற்றுலாவில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காலையில் பேருந்தில் வந்து மூன்றையும் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போய்விடுகிற வழக்கம் எனக்கும் தெரியும்.

முதல் இரண்டும் 1344ஆம் ஆண்டில் கட்டப்பட்டவை. கம்பளையிலிருந்து நான்காம் புவனேகபாகு ஆண்ட காலம். கடலாதெனியவை எழுப்பியவர் சீலவம்ச தர்மகீர்த்தி தேரர். கட்டிய சிற்பியின் பெயர் கணேசுவராசாரி. லங்காதிலகவைக் கட்டுவித்தவர் சேனாலங்காதிகார என்ற அமைச்சர். சிற்பி ஸ்தபதி ராயர். பெயர்களைக் கேட்டாலே சிற்பிகள் எந்தக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது விளங்கும். கடலாதெனியவின் கல்தூண்களையும் கபோதத்தையும் பார்த்து 'விஜயநகரப் பாணி' என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். விஜயநகரம் நிறுவப்பட்டது 1336இல். எட்டே ஆண்டில் ஒரு பேரரசின் பாணி கடல் கடந்து மலையேறி இங்கே வந்துவிட்டது என்று நம்ப எனக்குத் தயக்கம். அதற்கு முன்பே தென்னாட்டுத் தச்சர்களிடம் இருந்த கைப்பழக்கம் என்று சொல்வதே பொருத்தம்.

லங்காதிலக நிற்கிற பன்ஹல்கல பாறையில் ஒரு பெரிய சாசனம் வெட்டப்பட்டிருக்கிறது. சிங்களத்தில் ஒன்று, அதே கொடையைப் பற்றித் தமிழில் ஒன்று. சக ஆண்டு 1266 என்று அது கணக்குச் சொல்கிறது. பேராசிரியர் பரணவிதான 1960இல் இவ்விரண்டையும் ஆராய்ந்து வெளியிட்டார். மலைநாட்டின் நடுவில், ஒரு பௌத்த விகாரையின் நிலக் கொடையைத் தமிழிலும் எழுதி வைக்க வேண்டிய தேவை அன்று இருந்தது. அந்த விகாரையின் சுவரைச் சுற்றிலும் உபுல்வன், சமன், விபீஷணன், கணபதி, கந்தகுமாரன் ஆகிய தெய்வங்களுக்கும் இடம் உண்டு. அதே 1344இல்தான் மொரோக்கோப் பயணி இபின் பத்தூத்தா புத்தளத்தில் கரையிறங்கி, ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து, அவர் கொடுத்த ஆட்களோடு பாவா ஆதம் மலைக்குப் போனார். அந்தக் காலத்து இலங்கையை இன்றைய வரைபடத்தின் நிறங்களைக் கொண்டு பார்த்தால் எதுவும் பிடிபடாது.

சாசனம் யாரைச் சொல்கிறது? அரசனைச் சொல்கிறது, அமைச்சனைச் சொல்கிறது, எந்தக் குளத்துக்குக் கீழே எவ்வளவு நிலம் என்று சொல்கிறது. கொடையை அழிப்பவனுக்குச் சாபம் சொல்லும் வழக்கமும் சாசனங்களுக்கு உண்டு. மேளம் அடித்தவனைப் பற்றி விரிவாகப் பேச அதற்கு நேரமில்லை. அதற்கு நாம் மூன்றாவது கோயிலுக்குப் போக வேண்டும்.

எம்பெக்க தேவாலயம் 1371இல் மூன்றாம் விக்கிரமபாகு கதிர்காமத் தெய்வத்துக்குக் கட்டியது என்பது மரபு. நமக்கு அவர் முருகன். அங்கே சொல்லப்படும் கதை இது. பக்கத்து ரங்கம என்ற ஊரில் ஒரு மேளகாரர் இருந்தார். தோல் நோய் வந்து தீராமல் வாடினார். கதிர்காமத்துக்குப் போய் வேண்டிக்கொண்டார், நோய் தீர்ந்தது. நன்றியாக ஆண்டுதோறும் நடந்தே கதிர்காமம் போய்த் தெய்வத்தின் முன்னால் மேளம் அடித்துவிட்டு வந்தார். வயதாகிவிட்டது. ஓர் ஆண்டு, இனி என்னால் வர முடியாது சுவாமி என்று அழுதுவிட்டுத் திரும்பினார். அன்றிரவு கனவில் தெய்வம் வந்தது. நீ வர வேண்டாம், உன் ஊருக்குப் பக்கத்திலேயே நான் இருப்பேன், அடையாளம் தெரியும் என்றது.

சில நாளில் எம்பெக்கவில் அரசியின் தோட்டத்தில் வேலை செய்தவன் ஒரு கதுறு மரத்தை வெட்டினான். மரத்திலிருந்து இரத்தம் வழிந்தது. பயந்துபோய் ஊரைக் கூட்டினான். கேள்விப்பட்ட மேளகாரர் ஓடி வந்து அந்த மரத்தடியில் நின்று மேளம் அடித்தார். செய்தி அரசிக்குப் போயிற்று, அரசியிடமிருந்து அரசனுக்குப் போயிற்று, கோயில் எழுந்தது. அந்த அரசி ஹெனகந்த பிசோ பண்டார. அவர் வில்வப் பழத்துக்குள் பிறந்தவர் என்றும், இறந்த பிறகும் அந்த ஊரைக் காக்கிறார் என்றும் இன்னொரு கதை இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெட்டுப்பட்ட செடியிலிருந்து இரத்தம் வரும் கதை நமக்குப் புதிதல்ல. சென்னைக்கு அருகே திருமுல்லைவாயிலில் தொண்டைமான் போருக்குப் போகும் வழியில் யானையின் காலில் முல்லைக்கொடி சிக்கியது, வாளால் வெட்டினான், இரத்தம் வந்தது, அடியில் இலிங்கம். திருப்பாசூரில் மூங்கிலை வெட்டினார்கள், அங்கும் அப்படியே. தலபுராணங்களில் இது அடிக்கடி வரும். நாட்டார் கதை ஆய்வாளர்கள் இதற்கு எண் போட்டு, வகை பிரித்து, தாளில் குறித்துக்கொண்டு அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். வகை பிரிப்பதில் தவறில்லை. அதோடு நின்றுவிடுவதுதான் குறை.

வித்தியாசத்தைப் பாருங்கள். திருமுல்லைவாயில் கதையில் வெட்டியவன் அரசன், வருந்தியவன் அரசன், அருள் பெற்றவனும் அரசன். எம்பெக்கக் கதையில் அரசன் கடைசியில்தான் வருகிறான். தெய்வம் முதலில் வாக்குக் கொடுத்தது மேளகாரருக்கு. அவர் கண்டிச் சமூகத்தின் சாதி அடுக்கில் பெரவா என்று கீழே வைக்கப்பட்டவர். அதே அடுக்கில் மேலே இருந்த கொவிகமக் குடும்பங்கள் நிறைந்த ஊரில், அரசனின் கோயிலுக்கு, ஒரு மேளகாரரின் தோல் நோயும் முதுமையும் கண்ணீரும் காரணமென்று அறுநூறு ஆண்டுகளாக எல்லாச் சாதியாரும் சொல்லி வருகிறார்கள். மேல்சாதியார் இரக்கப்பட்டுச் சொல்லி வந்தார்களா? எனக்கு அவ்வளவு நல்லெண்ணம் இல்லை.

விடை நிலத்தில் இருக்கிறது. கண்டி இராச்சியத்தில் நிலம் சேவையோடு கட்டப்பட்டது. கோயிலுக்கு விடப்பட்ட ஊரில் ஒவ்வொரு வயலும் ஒரு பங்கு. ஒரு பங்கை உழுகிறவர் அதற்கு ஈடாக ஒரு வேலை செய்ய வேண்டும். ஒருவர் விளக்குக்கு எண்ணெய் கொண்டு வருவார், ஒருவர் கூரை வேய்வார், ஒருவர் பெரஹராவில் கொடி பிடிப்பார், ஒருவர் மேளம் அடிப்பார். வேலையை விட்டால் வயல் போய்விடும். வேலையைச் செய்கிறவரை வயலைப் பறிக்க முடியாது. 1660இல் மூதூர்ப் பக்கம் சிறைப்பட்டுப் பத்தொன்பது ஆண்டுகள் கண்டி ஊர்களில் வாழ்ந்த ரொபர்ட் நொக்ஸ் இந்த முறையை விரிவாக எழுதியிருக்கிறார். அவர் காணி வாங்கிக் குடியிருந்த எலதெத்த என்ற ஊரும் இதே உடுநுவரவில்தான். அங்கிருந்து புறப்பட்டுத்தான் 1679இல் அரிப்புக்குத் தப்பி ஓடினார்.

இப்போது கதையை மறுபடி கேளுங்கள். தெய்வம் மேளகாரரைத் தேடி வந்தது. அவர் மேளத்துக்காகவே இந்த ஊரில் அமர்ந்தது. அப்படியென்றால் அவர் சந்ததி மேளம் அடிக்கும்வரை அவர்கள் வயலில் யார் கை வைக்க முடியும்? அந்தக் கதை மேளகாரர் குடும்பத்தின் உறுதிப்பத்திரம். நொத்தாரிசு முன்னால் எழுதிப் பதிந்த பத்திரத்துக்கு என்ன பலமோ, எழுதிய பத்திரம் இல்லாதவர்களுக்கு ஊரறிந்த கதையில் அதே பலம். 1832இல் கட்டாயச் சேவையான இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபோதும் கோயில் நிலங்களின் சேவை முறை அப்படியே விட்டுவைக்கப்பட்டது. 1870இல் பிரித்தானிய அரசு சேவை நிலங்களுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்து, எந்தப் பங்குக்கு எந்தச் சேவை, அதற்குப் பணமாகக் கொடுத்தால் எவ்வளவு என்று ஊர் ஊராகப் பதிந்தது. அன்று ஆணையாளர் முன்னால் நின்ற மேளகாரர்கள் எதைச் சான்றாகச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். எம்பெக்கவில் உலகமே வந்து பார்க்கிற மரச்சிற்பங்கள் கருவறையில் இல்லை. அவை மேளம் அடிக்கும் மண்டபத்தில் இருக்கின்றன. ஹேவிசி மண்டபம் என்று சொல்வார்கள். ஒவ்வொரு தூணிலும் நாற்புறமும் செதுக்கு. பின்னிப் பிணைந்த அன்னங்கள், இருதலைப் பறவை, மல்லர்கள், பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய், கொடியிலிருந்து எழும் பெண், குதிரை வீரன். மொத்தம் 514 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கூரையில் 26 கைமரங்களை ஒரே ஆப்பு பிடித்து நிறுத்துகிறது. அதற்கு மதோல் குருபாவ என்று பெயர். தச்சர் தெல்மட மூலாச்சாரி என்பது ஊர் நினைவு. தூண்கள் கம்பளை அரசவை மண்டபத்திலிருந்து வந்தவை என்றும் சொல்வார்கள். குதிரை வீரனின் உடையில் போர்த்துக்கீசர் சாயல் இருப்பதாகச் சிலர் கருதுகிறார்கள். அது சரியென்றால் அந்தத் தூணுக்கு வயது குறையும். அது எப்படியிருந்தாலும், அந்தக் கோயிலின் மிக அழகான கட்டடம் மேளகாரருடையது. கதையும் மண்டபமும் ஒரே செய்தியைச் சொல்கின்றன.

இந்த மரவேலையின் அருமையை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முதன்மையானவர் நம்மவர். கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். கனிம ஆய்வுத் துறையின் முதல் பணிப்பாளராகக் கல்லைத் தேடி மலைநாட்டு ஊர்களுக்குள் நடந்தவர், கைவினைஞர்களைக் கண்டுபிடித்தார். பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பி, குளொஸ்டர்ஷயரில் புரோட் கம்டன் என்ற சிற்றூரில் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தைத் திருத்திக் குடியிருந்து, வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில், மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றிய தம் பெருநூலைத் தாமே அருகிருந்து அச்சிட்டார். 1908. மொத்தம் 425 பிரதிகள். ஓர் ஆங்கிலச் சிற்றூரில் உடுநுவரத் தச்சர்களின் வரலாறு அச்சாகியது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. அந்த நூலில் அவர் விடாமல் வலியுறுத்துவது, கைவினைஞரின் தேர்ச்சிக்கு அடியில் ஒரு துண்டு வயல் இருந்தது என்பதை. அரச ஆதரவும் நிலமும் போனபோது கலையும் தளர்ந்தது. சிற்பத்துக்கு அவர் சொன்னதை நான் கதைக்கும் சொல்கிறேன், அவ்வளவுதான்.

ஆங்கிலச் சிற்றூர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே 1538 முதல் ஒவ்வொரு தேவாலயப் பங்கிலும் திருமுழுக்கும் திருமணமும் அடக்கமும் பதிவேட்டில் ஏறின. ஊர்க்கதை பேசுகிறவர் தேவாலயத்துக்குப் போய் அந்த ஏட்டைத் திறந்து, கதையில் வரும் ஆள் இருந்தாரா இல்லையா என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த வசதி நமக்கு இல்லை. இங்கே ஹியூ பார்க்கர் என்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர் 1910க்கும் 1914க்கும் இடையில் சிங்களக் கிராமக் கதைகளை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். நல்ல வேலை. கதைகளைச் சொன்னவர்களின் சாதிவாரியாகப் பிரித்தார். மேளகாரர் கதைகளுக்கு அதில் தனிப் பகுதியே உண்டு. மலைத்தோட்டத் தொழிலாளர் வாழும் லயன்களின் கதைகளுக்கு இல்லை.

லயனுக்கு வருவதற்கு முன்னால் நகரத்துக் கதை ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். கதை உறுதிப்பத்திரம் ஆவது மேளகாரருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எகலபொல குமாரிகாமியின் கதை தெரியாதவர் கண்டியில் இல்லை. 1814இல் எகலபொல அதிகார் கலகம் செய்து ஆங்கிலேயரிடம் ஓடிவிட்டார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அவருடைய மனைவி மக்களைப் பிடித்தான். மூத்த மகன் பயந்து தாயைப் பற்றிக்கொள்ள, இளையவன் மத்தும பண்டார முன்னே வந்து தலையைக் கொடுத்தான். தலைகளை உரலில் இட்டு இடிக்கும்படி தாயை வற்புறுத்தினார்கள். பிறகு அவளைப் போகம்பரக் குளத்தில் மூழ்கடித்தார்கள். மருத்துவர் ஜோன் டேவி 1821இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். அவர் இலங்கைக்கு வந்தது நிகழ்ச்சிக்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின்.

அரசன் தமிழ் பேசிய நாயக்கர் வழியினன், கண்ணுசாமி என்ற இயற்பெயருடையவன் என்பதற்காக நாம் அவனுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. குழந்தைகளைக் கொன்றது கொலைதான். ஆனால் அந்தக் கதை யார் கையில் எப்படிப் பயன்பட்டது என்று கேட்கலாம். 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டி அரசவை மண்டபத்தில் வாசிக்கப்பட்ட உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். 'மலபார்' அரசனின் கொடுமைகள்தான் அதன் முதல் வாசகத்திலேயே காரணமாக வருகின்றன. அவனுடைய உறவினரான ஆண்கள் எவரும் கண்டி நாட்டுக்குள் வரக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. மேளகாரரின் கதை ஒரு வயலுக்கு உறுதியானது. குமாரிகாமியின் கதை முழு நாட்டுக்கும் உறுதியாயிற்று, அதுவும் அந்நியர் பெயரில். அரசனை 1816இல் வேலூருக்கு அனுப்பினார்கள். 1832இல் அங்கேயே இறந்தான். முடி தனக்கு வரும் என்று காத்திருந்த எகலபொலவை மொரிசியசுக்கு அனுப்பினார்கள். அவர் 1829இல் அங்கே இறந்தார்.

நாடு ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் நிலத்துக்குக் கதை தேவைப்படவில்லை, சட்டமே போதுமானது. 1840ஆம் ஆண்டின் பன்னிரண்டாம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், மறுதலை நிரூபிக்கப்படும்வரை, முடிக்குரியவை என்றது. நிரூபிக்க வேண்டியவன் கிராமத்தான். அவனிடம் இருந்தது வாய்ச்சொல். ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு மலைகள் விற்பனையாயின. கோப்பி வந்தது. அந்தக் கோப்பிக்காகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாக, தம்புள்ளை வழியாக, மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள்தான் இந்த மண்டபத்தில் இருக்கும் பலரின் பூட்டனும் பூட்டியும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை வைத்தார். அவரைப் புதைத்த மஹையாவ மயானம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அவர் மலையில் தேயிலை நட்ட கைகளைப் புதைத்த இடங்களுக்கு மேலே தேயிலையே நிற்கிறது.

தோட்டத்திலும் ஒரு மேளகாரர் இருந்தார். விடியுமுன் லயன்களுக்கு மேலே நின்று தப்பு அடிப்பார். அந்தச் சத்தத்துக்கு எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் கங்காணியின் ஏச்சு. கூடப் பிந்தினால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி. அவரும் ஊரிலிருந்து கொண்டுவந்த சாதி அடுக்கில் கீழே இருத்தப்பட்டவரே. திருவிழாவுக்கும் அவர் தப்பு வேண்டும், சாவுக்கும் வேண்டும், மாசியில் காமன் கூத்துக்கும் வேண்டும். எம்பெக்க மேளகாரருக்கும் இவருக்கும் தோல் ஒன்று, கோல் ஒன்று, சமூகம் தந்த இடமும் ஏறத்தாழ ஒன்று. அவருக்கு வயல் இருந்தது. இவருக்குத் தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலில் ஒரு பெயர். வேலை நின்றால் பெயர் வெட்டப்படும், காம்பரா போகும். தெய்வமே இவரைத் தேடி வந்திருந்தாலும் அதைச் சொல்லிக் காப்பாற்ற இவர் பெயரில் ஒரு பேர்ச்சஸ் நிலம் கிடையாது.

ஆகவே தோட்டத்துக் கதைகள் வேறு இடத்தில் ஒதுங்கின. காணி இல்லாதவர்கள் சாமியிடம் கதையை வைத்தார்கள். தேயிலை ஆலையின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ரோதமுனி என்று ஒரு சாமி. ரோதை என்றால் இங்கே சக்கரம். இயந்திரம் கையை இழுக்கும், உயிரையும் இழுக்கும். அதற்குள் ஒரு முனி இருக்கிறான் என்று கண்டுகொண்டார்கள். கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச் சாமி. ஊரிலிருந்து பெட்டியில் வந்த மாரியம்மனும் மதுரைவீரனும் ஒரு பக்கம் இருக்க, இந்த மலையிலேயே, இந்த வேலையிலேயே பிறந்த தெய்வங்கள் இவை. தமிழ்நாட்டில் எந்தக் கிராமத்திலும் இவற்றைக் காண முடியாது. இவை வெறும் மூடநம்பிக்கை என்று நம்மில் படித்தவர்கள் ஒரு காலத்தில் முகம் சுளித்தோம். என் கருத்தில் இலங்கையில் இயந்திரத் தொழிலுக்கு உழைப்பாளர் எழுதிய முதல் விமர்சனம் ரோதமுனிதான்.

சி. வி. வேலுப்பிள்ளை இதை உணர்ந்தவர். 1914இல் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்துப் பாடல்களை ஆண்டுக்கணக்காகச் சேர்த்தார். அவர் இறந்தது 1984இல். 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலாக வந்தது 1987இல், சென்னையில். எழுத்தாளர்கள் சாரல்நாடனும் மாத்தளை வடிவேலனும் இந்த வழியில் நிறைய உழைத்தார்கள். ஆனால் பாடலுக்குக் கிடைத்த கவனம் இடக்கதைக்குக் கிடைக்கவில்லை. பாட்டைப் பிரதி எடுத்து எங்கும் அச்சிடலாம். இந்தப் பாறைக்கு ஏன் அந்தப் பெயர், எந்த லயனில் வாந்திபேதி வந்து யார் யாரை எங்கே புதைத்தார்கள், அடிபட்ட கணக்கப்பிள்ளை எந்த வளைவில் விழுந்தார் என்பன அந்த இடத்தில் நின்று, அந்த இடத்தைக் காட்டிச் சொல்ல வேண்டியவை. சொல்லக்கூடியவர் அங்கே இருக்க வேண்டும்.

அவர்களை இருக்க விட்டோமா? 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இந்தியா, இலங்கை இரண்டின் பிரதமர்களும் உட்கார்ந்து, 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம் என்று பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். எழுபதுகளில் காணிச் சீர்திருத்தத்தின்போது கண்டி மாவட்டத் தோட்டங்கள் பலவற்றிலிருந்து குடும்பங்கள் பசியோடு வெளியேறின. கதை சொல்லத் தெரிந்த பாட்டிமார் பலர் இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். கண்டி மாவட்டத்துக் கலஹாவின் கதையைக் கேட்க நீலகிரிக்குப் போக வேண்டிய நிலை.

இதில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்தும் சொல்லப்படுவதுண்டு. நிலம் கிடைத்தால் கதை தானாக நிலைக்குமா, ஏழு பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் கிடைத்த இடங்களில் தொலைக்காட்சிதானே ஓடுகிறது என்று நண்பர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். எம்பெக்கவிலும் தொலைக்காட்சி ஓடுகிறது. ஆனால் அங்கே பெரஹரா வந்தால் மேளகாரர் மண்டபத்தில் நின்றே ஆக வேண்டும். கதை வருடத்துக்கு ஒருமுறையாவது தன் இடத்துக்குத் திரும்புகிறது. நம் பக்கத்தில் 2023இல் அப்படி ஒன்று நடந்தது. மலையக மக்கள் இங்கே வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு கூட்டம் கால்நடையாகப் போனது. முன்னோர் நடந்த பாதையை மறுபடி நடந்தபோது, வீட்டில் யாரும் கேட்காத கதைகளைப் பெரியவர்கள் வழிநெடுகச் சொன்னார்கள். காணி கேட்டு நடந்த நடையில் கதை வெளிவந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

இங்கே ஆசிரியர்கள் பலர் இருக்கிறீர்கள். பேராதனை மாணவர்களும் இருக்கிறீர்கள். நாட்டார் வழக்காறு என்று பெரிய தலைப்பில் திட்டம் போட்டு நிதிக்குக் காத்திருக்க வேண்டாம். உங்கள் தோட்டத்துக்குப் போங்கள். பெரட்டுக் களம் எங்கே இருந்தது, கடைசியாகத் தப்பு அடித்தவர் யார், அவர் எந்தக் காம்பராவில் இருந்தார், ரோதமுனிக்கு யார் பூசை வைத்தார்கள் என்று கேளுங்கள். கைபேசியில் பதியுங்கள். சொன்னவரின் அனுமதியோடு அவர் பெயரையும் சொன்ன நாளையும் இடத்தையும் எழுதுங்கள். கதையைத் திருத்தாதீர்கள், இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஒரு பிரதியைத் தோட்டப் பாடசாலை நூலகத்திலும் ஒன்றைக் கோயில் நிர்வாகத்திடமும் வையுங்கள். காணிப் பத்திரம் கேட்டு அடுத்த முறை பிரதேச செயலகத்துக்குப் போகும்போது, எத்தனை தலைமுறையாக எந்த மலையில் இருந்தோம் என்று சொல்ல அந்தப் பிரதியையும் கையில் எடுத்துப் போங்கள்.